கைக்கு ஒன்றும் கிடையாது

எங்கள் தொழிற்சாலையில் யாராவது ஓய்வு பெற்றால் கேன்டீனில் ஒரு விருந்து நடக்கும். கேசரி வந்து காபி வராத அந்த இடைவெளியில் எவனாவது ஒருவன் எழுந்து, "நம்ம சார் ஹைதராபாத் வந்த புதுசுல" என்று ஆரம்பித்துவிடுவான். நான் ஒரு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கிய கதை அது. சொல்கிறவன் சிரிக்க, கேட்கிறவர்கள் சிரிக்க, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே எரியும்.

ஒருமுறை தலைமைப் பண்பும் பேச்சுத் தொடர்பும் என்று மூன்று நாள் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்று சொல்பவர், மற்றொன்று கேட்பவர். நடுவில் ஓர் அம்பு, அம்பின் மேல் நெளிநெளியாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இரைச்சல் என்று பெயர் வைத்தார். பின்வரிசையிலிருந்து ஒருவன் என் கதையை எடுத்துக் கொடுத்தான். ஆசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, நெளிகோட்டின் பக்கத்தில் 'மொழி' என்று எழுதினார். ஆக இங்கே குற்றவாளி மொழிதான், மனிதர்கள் யாரும் இல்லை என்றார்.

எனக்கு அந்தச் சாக்பீஸைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. மொழி யாருக்கும் குற்றப்பத்திரிகை கொடுக்கவில்லை. மொழி பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு மனிதரின் வேலையும் ஒரு கையும் அந்தக் கதைக்குள் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் இவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் ஒருமுறையாவது நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைச் சென்னைக் கிளையிலிருந்து இங்கே மாற்றினார்கள். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவன், சென்னைக்கு வடக்கே ரயிலில்கூடப் போனதில்லை. தொழிற்சாலை உப்பல் பக்கம். வீடு மல்காஜ்கிரியில். மனைவி, ஆறு வயது மகள். எனக்கு ஹிந்தி வராது, தெலுங்கு அதைவிட வராது. உதவிப் பொறியாளராக வார்னிஷ் பிரிவை எனக்குக் கொடுத்தபோது, அங்கே பாதிப் பேர் தமிழர்கள் என்றதும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிரிவில் நடக்கும் வேலை எளிமையானதுதான். செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் வரும். அவற்றை வார்னிஷ் தொட்டியில் முக்கி எடுத்து, சொட்ட விட்டு, ஓவனுக்குள் வைத்துச் சுட வேண்டும். ஓவனைப் பார்த்துக்கொண்டவர், பட்டாளக் குடியிருப்புகள் இருக்கும் போலாரத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய மனிதர். தொழிற்சாலை வெறும் பொட்டலாக இருந்த நாளிலிருந்து வேலையில் இருப்பவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்தவராம். அவர்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகத் தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழில் ஊர் உருது ஊறியிருந்தது. ரசத்தில் பாலை ஊற்றிய மாதிரி பேசுகிறாரே என்று மனைவியிடம் கிண்டல் செய்திருக்கிறேன். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். முதல் வாரமே இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டேன். ஓர் அதிகாரிக்குத் தொழிலாளியிடமிருந்து தேவைப்படும் சொற்கள் இவ்வளவுதானே என்று நினைத்தேன். உண்மையில் இரண்டில் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

எனக்கு மேலே மேனேஜர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்த ஊரில் இருபது வருஷம் பழகியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். யார் எதை எழுதிக்கொண்டு போனாலும் பாதியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவனே தலைவன் என்பது அவர் கட்சி. நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை. காலம் மாறுகிறது, செலவைக் குறை, வேகத்தைக் கூட்டு என்று. வார்னிஷும் மாறியது. புது வார்னிஷோடு பரிசோதனைக்கூடம் இரண்டு பக்கக் குறிப்பு அனுப்பியது. அது மேனேஜரின் பென்சிலுக்குக் கீழே போய், வெளியே வரும்போது ஒரே ஒரு வரியாக இருந்தது: முக்கி எடுத்த காயில்களை அரை மணி நேரம் வெளியே தொங்கவிட்ட பிறகே ஓவனில் வைக்க வேண்டும். அரை மணி நேரம் எதற்கு என்று நான் அவரிடம் கேட்கத்தான் கேட்டேன். அவர் பென்சிலைப் பைக்குள் செருகியபடி சொன்னார்:

"ஆர்டர்ல காரணம் எழுதினா அது ஆர்டர் இல்ல ஓய், விண்ணப்பம்."

அடடா, எப்பேர்ப்பட்ட வாக்கியம் என்று எனக்குப் புல்லரித்தது. அதை இன்னொருவரிடம் எப்போது சொல்லலாம் என்று மனத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். காரணம் எனக்குத் தெரியவில்லையே என்ற நினைப்பே வரவில்லை. அவ்வளவு பெரிய மடையன் நான்.

அன்று காலையில்தான் கையுறைத் தகராறு நடந்திருந்தது. ஓவன் வேலைக்கான கையுறைகள் கிழிந்து தொங்கின. ஸ்டோர்ஸில் கேட்டால் அடுத்த மாதம் என்றார்கள். மூன்று பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, கையைக் காட்டி, ஏதாவது வழி செய்யுங்கள் என்று தெலுங்கில் ஒன்றும் ஹிந்தியில் ஒன்றுமாகச் சொன்னார்கள். எரிச்சலோடு அவர்களை அனுப்பிவிட்டு, ஆர்டரை எடுத்துக்கொண்டு ஓவனடிக்குப் போனேன். போலாரத்துக்காரர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே முக்கி எடுத்ததும் ஓவன்ல வைக்கக் கூடாது. அரை மணி நேரம் வெளிய தொங்கணும். ஆர்டர் வந்திருக்கு," என்றேன்.

அவர் தொங்கு கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கைக்கு சார்?"

காலையிலிருந்து கையுறை கையுறை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. இவரும் ஆரம்பித்துவிட்டார் என்று சுள்ளென்று ஏறியது.

"கைக்கு ஒண்ணும் கிடையாது. சொன்னதச் செய்யும்."

"ஹவ் சார்," என்றார். பதிவேட்டை நீட்டினேன். இங்கிலீஷில் இருந்த அந்த வரிக்குக் கீழே மெதுவாகத் தன் பெயரை எழுதினார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நல்ல தலைவன் என்றால் இப்படித்தான் சுருக்கமாக முடிக்க வேண்டும் என்று பெருமையோடு திரும்பி நடந்தேன்.

சில வாரங்கள் அரை மணி நேரம் ஒழுங்காக நடந்தது. மார்ச் வந்தது. அரசுத் தொழிற்சாலையில் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்கத் தூங்கிய கும்பகர்ணன் ஒரே மாதத்தில் எழுந்து எல்லாவற்றையும் கேட்பான். மேனேஜர் ஓவனடிக்கே வந்து, ஷிப்டுக்கு இரண்டு சுற்று போதாது, மூன்று வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார். நானும் அதையே என் பங்குக்குக் கத்தினேன். அரை மணி நேரமும் தொங்கவிட்டு மூன்று சுற்று எப்படி வரும் என்று மேனேஜரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு காலை பத்து மணி வாக்கில் அண்டாவைக் கவிழ்த்து ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடினேன். ஓவன் கதவு பிய்ந்து ஒரு கீலில் தொங்கியது, உள்ளே தீ. கதவைச் சாத்திக்கொண்டிருந்த போலாரத்துக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். புருவம் இல்லை. இடது கை மணிக்கட்டு வரை வெந்திருந்தது. மற்றவர்கள் மணல் வாளிகளோடு ஓடிவந்தார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், யார் தப்பு, யார் தப்பு என்று கத்திக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

டிஸ்பென்சரியில் கட்டுப் போடும்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "தொடைச்சுட்டுத்தான் சார் வெச்சேன்." வலியில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அரை மணி நேரம் வார்னிஷ் சொட்டி முடிவதற்காக என்று அவராகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருக்கிறார். தட்டு அழுக்காகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு போலிருக்கிறது என்று. மூன்று சுற்று வேண்டும் என்று நாங்கள் கத்தியதும், ஒவ்வொரு காயிலையும் துணியால் துடைத்து, ஒரு சொட்டுகூட இல்லாமல் ஆக்கி உள்ளே வைத்திருக்கிறார். சோம்பேறியாக இருந்திருந்தால் அந்தக் கை பிழைத்திருக்கும்.

பரிசோதனைக்கூடத்து ஆள் வந்து கருகிய ஓவனைப் பார்த்தார். புது வார்னிஷில் கலந்திருக்கும் கரைப்பானிலிருந்து ஆவி கிளம்பும், அது வெளியே போவதற்குத்தான் அரை மணி நேரம், சூடான ஓவனுக்குள் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும் என்றார். இரண்டே வாக்கியம். ஓவன் வெடித்த பிறகுதான் அந்த இரண்டு வாக்கியத்தை நான் முதல்முறையாகக் கேட்டேன். முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று அவர்மேல் பாய்ந்தேன். எழுதியிருந்தோமே சார் என்றார் அவர்.

ஒரு வாரத்தில் போலாரத்துக்காரருக்குக் குற்றப்பத்திரிகை போனது. எழுத்து மூலமான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, சொத்துக்குச் சேதம் விளைவித்தது. சஸ்பென்ஷன். நிரூபணமானால் டிஸ்மிஸ்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டுப்போட்ட கையோடு வீட்டில் இருந்தவருக்கு அதைத் தபாலில் அனுப்பினார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்களே, அது.

நான் நிர்வாகத் தரப்புச் சாட்சி. மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தார். இந்த முறை சிவப்புப் பென்சில் எதையும் அடிக்கவில்லை, சேர்த்தது. உத்தரவை அவருடைய தாய்மொழியிலேயே தெளிவாகச் சொன்னேன். அவர் கையுறை கேட்டார். இல்லை என்றேன். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கையுறை கிடைக்காத மனக்குறையில் உத்தரவை மீறியிருக்கிறார். கடைசி வரி மேனேஜருடையது. அதை நான் படித்தேன், பொருத்தமாகத்தான் பட்டது, கையெழுத்துப் போட்டேன்.

அவர் தரப்பில் சங்கத்துக்காரர்கள் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காரணம் என்ன என்று நான் கேட்டேன், காரணமெல்லாம் கிடையாது, சொன்னதைச் செய் என்று அதிகாரி பதில் சொன்னார் என்று அதில் இருந்தது. படித்ததும் நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் பாருங்கள் என்று பிரிவில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். ஐம்பது வயது மனிதரை அவன் இவன் என்றேன். என்னிடம் காரணமே கேட்கவில்லை, கையுறைதான் கேட்டான் என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் தெருவில் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று, வெயிலில் ஆடாதே, உள்ளே வா என்று கூப்பிட்டேன்.

"கைக்கு?" என்றாள்.

கையில் அடி கிடி பட்டுவிட்டதோ என்று இறங்கிப் போனேன். கையில் என்ன, காட்டு என்றேன். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கையில ஒண்ணும் இல்லையே அப்பா. கைக்கு உள்ள வரணும்?"

மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "ஏன்னு கேக்கா. இந்தத் தெருவுல பிள்ளையள் எல்லாம் இப்படித்தான் பேசுது. நீங்க வீட்டுல இருந்தாத்தான தெரியும்."

கைக்கு என்றால் ஏன். இந்த ஊரில் கீரைக்காரியிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல். ஆறு மாதமாக என் காதைச் சுற்றிப் பறந்த சொல். அன்று ஓவனடியில் நடந்ததை அவர் காதால் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ஏன் சார்? ஏனெல்லாம் ஒன்றும் கிடையாது, சொன்னதைச் செய்யும். அவர் எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யன் நான்தான்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள். அதற்காகத்தான் எனக்குக் கோபம். அந்தச் சொல் எனக்குப் புரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன்? ஏன் என்று அவர் கேட்டது விளங்கியிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆர்டரில் காரணம் எழுதினால் விண்ணப்பம் என்று இன்னும் அழகாகச் சொல்லியிருப்பேன். எனக்கே காரணம் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லும் பழக்கம் என்னிடம் இல்லை. எனக்கு மேலே இருந்தவரிடமும் இல்லை. மொழிமேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் தப்பித்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். கைக்கு என்ற சொல்லுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும், இருபது வருஷம் இருந்தவராயிற்றே. அந்தச் சொல் என் வாக்குமூலத்தில் கையுறை என்று மாறிப் போயிருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. அது பரவாயில்லை. தெரிந்த பிறகு அவர் சொன்னதுதான் பரவாயில்லை என்று விட முடியாதது.

"நல்ல ஜோக். வெளில சொல்லாதீர். ரெண்டு மாசத்துல உமக்கு புரமோஷன் இன்டர்வியூ வரது."

பரிசோதனைக்கூடத்தின் இரண்டு பக்கக் குறிப்பை விசாரணைக் கோப்பில் சேர்த்தீர்களா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தொழிலாளி வேண்டுமென்றே மீறினான் என்றால் யாரும் அந்தக் குறிப்பைத் தேட மாட்டார்கள். அதில் எத்தனை வரிகள் சிவப்பாக அடிக்கப்பட்டிருக்கின்றன என்று யாரும் எண்ண மாட்டார்கள். கையுறை மனக்குறை என்ற அந்தக் கடைசி வரி எதற்காக வந்தது என்று விளங்கியது.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி இந்த ஊரிலேயே பிறந்தவர். அவரோடு தட்டெழுத்தர், நிர்வாகப் பிரதிநிதி, சங்கத்துக்காரர். ஓரத்து நாற்காலியில் போலாரத்துக்காரர், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. என் வாக்குமூலத்தைப் படித்து, இது சரிதானே என்றார்கள். சரியில்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது என் காதில் எப்படி விழுந்தது என்று விசாரணை அதிகாரி கேட்டார். கைக்கு ஏதாவது கொடுங்கள் என்று விழுந்தது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தட்டெழுத்தர் சிரித்தார். சங்கத்துக்காரரும் சிரித்தார். போலாரத்துக்காரர் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் நான் தெரிந்தே பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார், அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்தது போலவே. அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சோர்ந்துபோய்த் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பரிசோதனைக்கூடக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் இரைந்து சொன்னேன். சிரிப்பு நின்றது.

குறிப்பு வந்தது, சிவப்புக் கோடுகளோடு. டிஸ்மிஸ் இல்லை என்று முடிவாயிற்று. ஆனாலும் கையெழுத்துப் போட்ட உத்தரவை மீறியது மீறியதுதானாம், அவருக்கு ஓர் இன்கிரிமென்ட் வெட்டு. வெந்த கைக்கு மேலே வெட்டு. எனக்குப் பேச்சுத் தொடர்பைச் சீர்திருத்திக்கொள்ளுமாறு ஓர் அறிவுரைக் கடிதம், பிறகு அந்த வட்டமும் அம்பும் போட்ட வகுப்பு. இன்டர்வியூவில் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வருஷம் கழித்துச் சால்வை போர்த்தி, சுருக்கமாகப் பேசும் திறமையைப் புகழ்ந்து வழியனுப்பினார்கள். நான் கைதட்டவில்லை என்று சிலருக்கு வருத்தம்.

அதற்குப் பிறகு நான் மாறினேனா என்றால், கொஞ்சம் கொஞ்சமாக, முனகிக்கொண்டே மாறினேன். எந்த வேலை சொன்னாலும் காரணத்தையும் சேர்த்துச் சொல்வது. எனக்குக் காரணம் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வந்து சொல்வது. சொன்னபின் ஹவ் என்ற பதிலோடு விடாமல், என்ன புரிந்தது, உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று கேட்பது. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பத்து முறை வாய் வரை வந்த கோபத்தை விழுங்க வேண்டியிருந்தது. பிரிவில் குறும்புக்காரர்கள் வேண்டுமென்றே கையை நீட்டிக்கொண்டு, கைக்கு சார், கைக்கு சார் என்று எதற்கெடுத்தாலும் கேட்பார்கள். டீ நேரம் ஆகிவிட்டது என்றால்கூட, கைக்கு சார்? பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். ஹிந்தியையும் தெலுங்கையும் தப்புத் தப்பாகப் பேசி அவர்கள் சிரிக்கவும் இடம் கொடுத்தேன். நாளடைவில் நிஜமான கேள்விகளும் வர ஆரம்பித்தன. அவற்றில் இரண்டு மூன்று, பரிசோதனைக்கூடத்துக்கே பதில் தெரியாதவை.

போலாரத்துக்காரர் கை ஆறித் திரும்பி வந்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஓவன் வேலையை அவரைப் போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை, பழைய இடத்துக்கே வர வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். பொய்யன் என்று நான் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நக்கோ சார், நக்கோ என்று தடுத்துவிட்டார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதைத்தான் மிகவும் விரும்பினேன். அவர் பழையபடி அந்த ஓவன் முன்னால் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

அவர் கேட்கவில்லை. ஒரு மாதம் நான் ஒவ்வொன்றையும் காரணத்தோடு விளக்கினேன். திருப்பிச் சொல்லச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தார். பக்கத்தில் இருப்பவர்கள் என்னைக் கேள்வியால் துளைப்பார்கள். அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். மாதம் முடிந்ததும் ஸ்டோர்ஸுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். அச்சடித்த படிவம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. மாற்றம் கோரும் காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. பிரிவு அதிகாரி விசாரித்து நிரப்பவும் என்று எழுதி, பர்சனல் பிரிவிலிருந்து எனக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அவரைக் கூப்பிட்டேன். தொழிலாளிகள் என் மேஜை முன்னால் உட்கார்வது வழக்கமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து படிவத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நீங்க இப்ப நல்லா சொல்றீங்க சார். எல்லாருக்கும் நின்னு சொல்றீங்க. எனக்குத்தான் கேக்க வரல. வாயத் தொறந்தா அன்னிக்கு நீங்க சொன்னதே காதுல வருது. கேக்க வராதவன் அந்த ஓவன் கிட்ட நிக்கக் கூடாது சார். இன்னொரு தபா வெடிச்சா, இருக்கறது ஒரு கைதான்."

நான் மன்னிப்புக் கேட்டதும், மாறியதும், விழுங்கிய கோபமும் எல்லாம் அவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல் போயின. அவருக்கு என்மேல் வன்மம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கொண்டதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

படிவத்தை எடுத்துக்கொண்டு பர்சனலுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, சொந்தக் காரணம் என்று போட்டுவிடுங்கள் சார், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்றார். அவர் பேனாவையே வாங்கி, மாற்றம் கோரும் காரணம் என்ற கட்டத்தில் 'உதவிப் பொறியாளர், வார்னிஷ் பிரிவு' என்று எழுதினேன். இது கையெழுத்துப் போடும் இடத்தில் அல்லவா வர வேண்டும், மாற்றி எழுதிவிட்டீர்களே சார் என்றார் குமாஸ்தா. மாற்றி எழுதவில்லை என்று சொல்லிவிட்டு, கீழே கையெழுத்தையும் போட்டேன்.